குண்டுக் காயத்தை ஏன் தைக்காமல் விடுகிறார்கள்?

கேள்வி: என் தம்பியின் தொடையில் ரைஃபிள் குண்டு பாய்ந்துவிட்டது. வெளியே சுண்டுவிரல்கூட நுழையாத துளைதான். ஆனால் டாக்டர்கள் தொடையை நீளமாகக் கீறி, சதையை வெட்டியெடுத்து, தையல் போடாமல் கட்டு மட்டும் போட்டிருக்கிறார்கள். குண்டுத் துணுக்கு உள்ளேயே இருக்கிறது. இது சரியா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முறையாகத்தான் செய்திருக்கிறார்கள். தோலில் தெரியும் துளையை வைத்து உள்காயத்தை எடைபோட முடியாது.

கைத்துப்பாக்கிக் குண்டு பெரும்பாலும் நொடிக்கு 250 முதல் 400 மீட்டர் வேகத்தில் வரும். ராணுவ ரைஃபிள் குண்டுக்கு 700 முதல் 900 மீட்டர். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். நேராகத் துளைத்து வெளியேறும் குண்டு அதில் கொஞ்சத்தைத்தான் உடலில் இறக்கும். உள்ளே புரண்டாலோ உடைந்து சிதறினாலோ பெரும்பகுதியை இறக்கிவிடும்.

குண்டு போன வழியில் உள்ள சதை நசுங்கிப்போகிறது. அதோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள சதையும் சில மில்லிநொடிகள் நாலாபுறமும் விலகி, உப்பி, மறுபடி ஒடுங்குகிறது. இந்த இழுப்பைத் தசையும் நுரையீரலும் ஓரளவு தாங்கும். கல்லீரலும் மண்ணீரலும் பிளந்துவிடும். எலும்பில் பட்டால் அதன் சில்லுகளும் பாய்ந்து கிழிக்கும்.

சூட்டில் கிருமி செத்துவிடும் என்று நினைக்காதீர்கள், குண்டு சுத்தமானதல்ல. சதை விலகி ஒடுங்கும்போது உடையின் நூலும் மண்ணும் உள்ளே இழுக்கப்படும். ரத்த ஓட்டம் நின்ற தசைக்கு ஆன்டிபயாடிக் போய்ச் சேராது. அதனால் சர்ஜன் ஒவ்வொரு பகுதியாகப் பார்ப்பார்: நிறம் மங்கியிருக்கிறதா, கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் ரத்தம் கசிகிறதா, கொழகொழவென்று இருக்கிறதா? செத்ததை நீக்கிவிட்டுத் திறந்தே வைப்பார். உடனே தைத்து மூடினால் சீழ் உள்ளேயே தேங்கும். காயம் சுத்தமாக இருந்தால் வழக்கமாக நான்கைந்து நாளில் தைப்பார்கள்.

சினிமாவில் குண்டை எடுத்துத் தட்டில் போட்டதும் ஆள் பிழைத்துக்கொள்வார். நிஜத்தில் ஆழத்தில் கிடக்கும் துணுக்கைத் தோண்டுவதால்தான் கெடுதல் அதிகம். மூட்டுக்குள் இருந்தால் மட்டும் கதை வேறு. மூட்டுத் திரவத்தில் ஈயம் கரையும் என்பதால் எடுத்தாக வேண்டும். ரத்தக்குழாயையோ நரம்பையோ அழுத்தினாலும் எடுப்பார்கள்.

டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். கால் விரல்கள் சில்லிட்டாலோ மரத்துப்போனாலோ, மருந்துக்கு அடங்காத வலி ஏறினாலோ, காயத்தில் துர்நாற்றம் வந்தாலோ டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.