கிழங்கு காயும் காலம்

அன்புள்ள ஐயா,

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். ஏழு ஆண்டுகளாகக் கவிதை எழுதிவருகிறேன். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் எழுதத் தொடங்கினால், தைப்பொங்கல் வரை கொப்பி நிறைந்துகொண்டே இருக்கும். பங்குனி பிறந்ததும் எல்லாம் நின்றுவிடும். நாள்தோறும் ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்று பலரும் சொன்னதால், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் சென்ற கோடை முழுவதும் அப்படியே செய்தேன். அந்தப் பக்கங்களை இப்போது வாசிக்கவே முடியவில்லை. பிறகு, தொல்காப்பியம் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளின்படி கொப்பியைப் பிரித்து எழுதிப் பார்த்தேன், அதுவும் பொருந்தவில்லை. மாரியில் எழுதுபவற்றை அன்றன்றே முகநூலில் இட்டுவிடுகிறேன். சில வாரங்களில் அவற்றைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒழுங்குக் குறைவா, திறமைக் குறைவா?

— ஒரு வாசகி, கரவெட்டி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். ஏழு மாரிகளில் தொடர்ந்து எழுதிய ஒருவரிடம் ஒழுங்கு இல்லை என்று சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது நீங்கள் எழுதாமல் இருக்கும் மாதங்கள் அல்ல. எழுதியவற்றை அன்றன்றே வெளியிட்டுவிடுகிறேன் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கும் அந்த ஒரு வரிதான்.

முதலில் பெரும்பொழுதுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆவணியும் புரட்டாதியும் கார்காலம் என்பது நூல் வழக்கு. நம்முடைய ஊரிலோ ஆவணியில் சோளகம் இன்னும் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கும், வயல் புழுதியாகவே கிடக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெருமழை வடகிழக்குக் காற்றான வாடையோடு வருவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்குள் ஆண்டின் மழையில் பெரும்பகுதி பெய்து முடிந்துவிடும். ஆகவே உங்கள் கொப்பி பொருந்தாமற் போனதில் வியப்பில்லை. மாதப் பெயர்களை விட்டுவிட்டுக் காற்றைப் பாருங்கள். 2020 டிசெம்பர் முதல் வாரத்தில் புரெவிப் புயலோடு வந்த மழையை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். எந்தப் பஞ்சாங்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு நாம் அந்த வாரத்தைக் கடக்கவில்லை.

இனி, நான் உண்மையாகச் சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகிறேன். நம் வளவுகளில் நிற்கும் பனையின் ஓராண்டை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். ஆவணி, புரட்டாதியில் பழம் விழுகிறது. களியைப் பிழிந்து பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு ஆக்கிவிட்டு, கொட்டைகளைப் பாத்தி போட்டு அடுக்கி மண்ணால் மூடிவிடுகிறார்கள். மழை அதன் வேலையைச் செய்கிறது. தை, மாசியில் பாத்தியைக் கிண்டினால் கிழங்கு. அதை அவித்து அன்றே தின்னலாம். அந்த ருசிக்கு ஈடில்லை. ஆனால் அவித்த கிழங்கு சில நாட்களுக்கு மேல் நிற்காது. பச்சையாகவே கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். மாசி, பங்குனி வெயிலில் அது தன் ஈரத்தை எல்லாம் இழந்து, முறித்தால் சத்தம் கேட்கும் அளவுக்கு இறுகுகிறது. அப்படி இறுகியது அடுத்த மாரி வரையிலும் இருக்கும். இடித்து மாவாக்கினால் கூழுக்கும் பிட்டுக்கும் உதவும்.

நீங்கள் மாரியில் எழுதுபவை பச்சைக் கிழங்குகள். அவற்றில் குறையொன்றும் இல்லை, ஆனால் அவை இன்னும் ஈரமாக இருக்கின்றன. எழுதிய நாளின் மழைச் சத்தம் உங்கள் காதில் இருக்கும்வரை, அந்தச் சத்தம் வரிக்குள் வந்திருக்கிறதா, அல்லது உங்களுக்கு மட்டும்தான் கேட்கிறதா என்பதை நீங்கள் அறிய முடியாது. பங்குனியில், கிணற்றடி வாழை கூட வாடி நிற்கும் ஒரு மத்தியானத்தில், கார்த்திகையில் எழுதிய கவிதையை எடுத்து வாசித்தால், மழை அதற்குள் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். நீங்கள் வெறுமை என்று எண்ணும் மாதங்கள் அந்த வாசிப்புக்கு உரியவை. திருத்துவதும் வெட்டுவதும், வேறொருவர் எழுதியதை ஆறுதலாகப் படிப்பதும் அக்காலத்து வேலைகள். எழுதுவதற்குக் குறையாத வேலையாகவே நான் அவற்றை மதிக்கிறேன். சில ஆண்டுகளில் அவற்றிலேயே எனக்கு அதிக நிறைவு கிடைத்திருக்கிறது.

நாள்தோறும் ஒரு பக்கம் என்ற விதியை நான் முழுமையாகத் தள்ளவில்லை. உரைநடை எழுதுவோர் சிலருக்கு அது நன்றாகவே பயன்படுகிறது. உங்களுக்கு ஏன் அது கைகொடுக்கவில்லை என்பதற்கு நம் கிணறுகளையே காட்டலாம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நிலம் இது. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடுகிறது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் ஒரு படையாகத் தங்கி நிற்க, அதையே ஆண்டு முழுவதும் அள்ளிக் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். இயந்திரத்தை வைத்துக் கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீர்ப் படை மெலிந்து உவர் மேலேறிவிடும். சோளகத்தில் நீங்கள் வலிந்து நிரப்பிய பக்கங்களை வாசிக்க முடியாமல் இருப்பதன் காரணமும் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் தினமும் கொப்பியைத் திறக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். கோடையில் நான் ஒரு நாளைக்கு மூன்று வரிக்கு மேல் எழுதுவதில்லை: காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, கிணற்றுக் கயிற்றில் எந்த முடிச்சு வரை நீர் நிற்கிறது, அன்று கண்ணில் பட்ட ஒரு பொருள். வேப்பம்பூ உதிர்வதோ, கோயிற் கொடியேற்றத்துக்கு வேலிக் கிடுகு மாற்றுவதோ, எதுவாகவும் இருக்கலாம். அதிலே கருத்து ஒன்றும் சேர்ப்பதில்லை. கொப்பியின் இடப்பக்கத்தை வெறுமையாக விட்டு, அடுத்த ஆண்டு அதே நாளில் அங்கே எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகள் எதிரெதிரே கிடப்பதைப் பார்க்கும்போது, தேடாமலே ஒரு கவிதை தொடங்கியிருக்கிறது.

பருவம் எல்லோருக்கும் ஒரே விதமாக வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து மழையில் நடந்தவர்களில் நானும் ஒருவன். பையில் இருந்த மூன்று கொப்பிகள் நனைந்து மை கரைந்து போயின. அதன் பின் பல ஆண்டுகள் ஐப்பசி மழை எனக்கு எழுத்தைத் தரவில்லை. ஓட்டில் மழை விழுந்ததும் கதவடியில் போய் நிற்பேன். அக்காலத்தில் எனக்கு எழுத வந்தது மாசிப் பனியில், அதிகாலையில் மட்டுமே. அதை ஒரு குறையென்று கருதி என்னோடு நானே மல்லுக்கட்டியதில் ஐந்தாறு ஆண்டுகள் வீணாயின. உங்கள் மழை உங்களுக்குத் தருகிறது. அதை நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வரும் மாரியில் எழுதுபவற்றில் ஒன்றையும் எங்கும் இடாதீர்கள். தைப்பொங்கலன்று கொப்பியை மூடி அலுமாரியில் வைத்துவிட்டு, பங்குனி நடுவில் எடுத்து ஒவ்வொன்றையும் சத்தமாக வாசியுங்கள். நிற்பவை எவை, எந்த வரியை வெட்டினீர்கள் என்று அதன்பின் எனக்கு எழுதுங்கள். இங்கே எங்கள் வளவில் நேற்று இரவு முதற் பனம்பழம் விழுந்தது. உங்களுக்குப் பாத்தி போட இன்னும் காலம் இருக்கிறது.

அன்புடன்.