துவரை வளர்ப்பு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்தில் துவரை பூத்த படத்தைப் போட்டதிலிருந்து கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. பன்னிரண்டு வருடமாக வளர்க்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவர் வசிக்கும் வட்டாரம்.

கேள்வி (ஈசூன்): அக்கா, துவரம் பருப்பை ஊறவைத்து நட்டேன், அழுகிவிட்டது. ஏன்?

தோல் நீக்கி உடைத்த பருப்பு முளைக்காது தம்பி. தேக்கா மளிகைக் கடைகளில் தோலோடு இருக்கும் முழுத் துவரை கேட்டு வாங்குங்கள். ஓர் இரவு ஊறவைத்து, மிதப்பதை எடுத்துவிட்டு, விரல்கணு ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு வாரத்துக்குள் தலை நீட்டும்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): ஊரில் அம்மா ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பார். இங்கே எப்போது விதைப்பது?

நல்ல கேள்வி. ஊரில் பரவலாக இருக்கும் ரகங்கள் பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் பூக்கும். ஆடியில் விதைத்தால் ஐப்பசிக்குப் பிறகு பூத்து, தை வாக்கில் அறுப்புக்கு வரும். சிங்கப்பூரில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அதனால் பட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நான் பிப்ரவரியில் விதைக்கிறேன், ஆண்டுக் கடைசி மழைக்குள் தண்டு முற்றிவிடும். ஒன்று கவனியுங்கள்: விடிய விடிய எரியும் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் பூப்பது தள்ளிப்போகும்.

கேள்வி (தெம்பனிஸ்): இடுப்புயரம் வளர்ந்த செடி டிசம்பர் மழையில் வாடிவிட்டது. தண்ணீர் போதவில்லையோ?

தண்ணீர் கூடிப்போய்விட்டது அம்மா. எனக்கும் முதல் வருடம் இதேதான். ஆறு செடி, எல்லாம் பச்சைப்பசேல் என்று நின்றன. நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் இலை தொங்கியது. வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் அடித்தண்டு கறுத்து, வேர் சேறாக வழுக்கியது. அன்று அழுகையே வந்துவிட்டது. துவரைக்கு ஆண்டுக்கு 600 முதல் 1,000 மில்லிமீட்டர் மழை போதும். இங்கே பெய்வது 2,100-க்கும் மேல். அதனால் ஒரு முழங்கை உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்துவிடுங்கள். நான் இப்போது மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஊற்றுகிறேன்.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் காரிடாரில் தொட்டியில் வளருமா?

அரைநாள் நேர் வெயில் விழுந்தால் வளரும். ஆணிவேர் ஆழமாகப் போகும் செடி என்பதால் தொட்டி ஆழமாக இருக்கட்டும். நடக்க 1.2 மீட்டர் வழி விட்டு வையுங்கள். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், கொசு வந்துவிடும்.

கேள்வி (ஜூரோங்): சாம்பாருக்கு நம் பருப்பையே உடைக்க முடியுமா அக்கா?

முடியும், ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். ஊரில் துவரையை ஊறவைத்து, செம்மண் குழைத்துப் பூசி, நாள்கணக்கில் காயவைத்து, பிறகு திருகையில் உடைப்பார்கள். சிங்கப்பூர் ஈரக்காற்றில் காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். நான்கு செடியில் ஒரு வாரச் சாம்பாருக்குக்கூட வராது. பச்சையாகச் சாப்பிடுங்கள், அதுதான் கடையில் லேசில் கிடைக்காத ருசி. காயை விரலால் அழுத்தினால் மணி புடைத்துத் தெரிய வேண்டும், தோல் இன்னும் பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் தட்டினால் மாவாகிவிடும். பறித்த அன்றே தோலோடு உப்புப் போட்டு வேகவையுங்கள், இல்லை உரித்துக் கத்தரிக்காயோடு புளிக்குழம்பு வையுங்கள்.

கேள்வி (செங்காங்): காயில் துளை துளையாக இருக்கிறது.

காய்ப்புழு. தலையை உள்ளே விட்டு உடலை வெளியே நீட்டிக்கொண்டு தின்னும். காலையில் கையால் பொறுக்குங்கள், பூக்கும்போதே வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

கேள்வி (ஈசூன்): காய்ப்பு முடிந்த செடியைப் பிடுங்கிவிடலாமா?

உடனே வேண்டாம், கிளையைக் கழித்துவிட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். ரொம்பக் கிழடானால் தரையோடு வெட்டுங்கள், வேர் மண்ணிலேயே இருக்கட்டும். அதிலுள்ள முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். வேர் மக்கியதும் அந்த இடத்தில் முளைக்கீரை தூவுங்கள். மெல்லிய குச்சிகளைக் காயவைத்துக் கட்டினால் வாசல் பெருக்க நல்ல துவரைமாறு. என் அப்பாயி அப்படித்தான் கட்டுவார்.