தொங்கும் கண்ணாடி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்த கட்டடங்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். சட்டமே கண்ணில் படவில்லையே, கண்ணாடி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? லண்டன் ‘கெர்கின்’ கோபுரத்துக்கு எத்தனை வளைந்த கண்ணாடிகள் செய்திருப்பார்கள்? டஃபன்டு கிளாஸ் (சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்து உறுதியாக்கிய கண்ணாடி) யாரும் தொடாமலே உடையும் என்கிறார்களே, உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஒன்றே ஒன்று. 180 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தின் உச்சியில் மூடிபோல் உட்காரும் கண்ணாடி மட்டும்தான் வளைந்தது. மற்றதெல்லாம் தட்டைக் கண்ணாடி. சாய்சதுரமும் முக்கோணமுமாக வெட்டி, ஒன்றுக்கொன்று சற்றே கோணம் மாற்றிப் பொருத்தியதால் தூரத்திலிருந்து வளைவாகத் தெரிகிறது. கண்ணாடியை வளைக்க அச்சு வேண்டும், வளைவு மாறினால் அச்சும் மாற வேண்டும், பத்து வருடம் கழித்து ஒன்று உடைந்தால் அதே அச்சைத் தேட வேண்டும். தட்டையில் இந்தத் தலைவலி இல்லை.

முதல் கேள்விக்கு இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் 1975-ல் முடிந்த வில்லிஸ் ஃபேபர் காப்பீட்டு நிறுவன அலுவலகத்தைப் பார்ப்பதே நல்லது. மூன்று மாடி, தெருவின் வளைவோடு சேர்ந்து வளையும் கருங்கண்ணாடிச் சுவர். அந்தக் கண்ணாடி நிற்கவே இல்லை, மேலிருந்து தொங்குகிறது. ஒவ்வொரு வரிசையிலும் ஆறு கண்ணாடிகள், ஒன்றின் கீழ் ஒன்று. மேல்தளத்தின் விளிம்பில் உள்ள பிடிப்பு அந்த வரிசை முழுவதையும் சுமக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணாடியில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. 12 மில்லிமீட்டர் என்றால் 30 கிலோ. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு கண்ணாடி 120 கிலோ, ஆறும் சேர்ந்து 720 கிலோ.

இதைக் கீழிருந்து அடுக்கியிருந்தால்? மெல்லிய தகடு தன் பாரத்திலேயே நடுவில் புடைக்கப் பார்க்கும். தொங்கவிட்டால் நூல்குண்டு போல நேராகிவிடும். மிச்சம் இருப்பது காற்று. அதற்குத் தளங்களின் அடிப்பக்கத்திலிருந்து கண்ணாடித் துடுப்புகளை (சுவருக்குச் செங்குத்தாக நிற்கும் கண்ணாடிப் பட்டைகளை) உட்புறமாக இறக்கியிருக்கிறார்கள். துடுப்புக்கும் சுவருக்கும் இடையிலான பிடிப்பு காற்றின் தள்ளலை வாங்கும், ஆனால் மேலும் கீழும் நகர விட்டுவிடும். இந்தக் கட்டடத்தின் சூட்சுமமே அந்த ‘விட்டுவிடும்’தான் என்பேன். தளம் ஆட்களின் பாரத்தில் சில மில்லிமீட்டர் தாழும். அந்தத் தாழ்வு கண்ணாடிக்குப் போய்ச் சேர்ந்தால் மூலையில் விரிசல் விழும்.

வெப்பமும் இதே வேலையைத்தான் செய்கிறது. 40 டிகிரி வித்தியாசத்தில் 10 மீட்டர் நீள அலுமினியம் சுமார் 9 மில்லிமீட்டர் நீளும், எஃகு ஏறக்குறைய 5, கண்ணாடி மூன்றரைக்குச் சற்று மேல். மூன்றையும் இறுக்கி முடுக்கினால் தோற்பது கண்ணாடிதான். அதனால்தான் கண்ணாடியும் உலோகமும் நேராகத் தொடவே கூடாது. கண்ணாடியின் அடி விளிம்பு ரப்பர் கட்டைமேல் உட்கார வேண்டும், போல்ட் போகும் துளைக்குள் நைலான் புஷ் (உறை வளையம்) இருக்க வேண்டும், இரு கண்ணாடிகளின் இடைவெளியைச் சிலிக்கோன் பசை நிரப்ப வேண்டும். துளையைக்கூட டஃபன் செய்வதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு துரப்பணத்தை வைத்தால் முழுத் தகடும் சில்லு சில்லாகிவிடும்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் நடுமுற்றக் கூரையில் (2000) இதே யோசனை பெரிய அளவில் இருக்கிறது. 3,312 கண்ணாடிகள். நடுவிலுள்ள வட்ட வாசகசாலை முற்றத்தின் சரிநடுவில் இல்லாததால் முக்கோணங்களின் அளவு இடத்துக்கு இடம் மாறும். கூரையின் வெளி விளிம்பு பழைய சுவர்கள்மேல் நழுவும் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியே பதித்திருந்தால் கூரை பக்கவாட்டில் விரிந்து அந்தப் பழைய சுவர்களை வெளியே தள்ளியிருக்கும்.

தானாக உடைவது உண்மைதான். கண்ணாடி உருகும்போது கண்ணுக்குத் தெரியாத நிக்கல் சல்ஃபைடு துணுக்கு உள்ளே மாட்டிக்கொள்ளலாம். டஃபன் செய்ய 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர வைக்கிறார்கள் அல்லவா, அப்போது அந்தத் துணுக்கு தன் உயர்வெப்ப வடிவத்திலேயே உறைந்துவிடும். பிறகு மாதக்கணக்கில், சிலசமயம் வருடக்கணக்கில், மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பருமன் சில சதவீதம் கூடும். தகட்டின் நடுக்கனம் ஏற்கெனவே இழுவிசையில் இருப்பதால் அவ்வளவே போதும். ஹீட் சோக் என்று 250 டிகிரிக்கு மேல் சூடான அடுப்பில் மணிக்கணக்கில் வைத்துச் சோதிப்பது, உடைய வேண்டியது அங்கேயே உடைந்து தொலையட்டும் என்றுதான். அதிலும் ஒன்றிரண்டு தப்பும். தலைக்கு மேல் வரும் இடத்தில் லேமினேட் செய்த (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய) கண்ணாடி போடுவது அதற்காகத்தான்.

ஆனால் எல்லா உடைப்புக்கும் நிக்கல்மேல் பழி போடுவது வேலை எடுத்தவர்களுக்கு வசதியான சாக்கு. சட்டத்திலேயே நிற்கும் உடைந்த கண்ணாடியில் விரிசல்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள். தகட்டின் நடுவே, வண்ணத்துப்பூச்சியின் இறக்கைபோல இரண்டு பெரிய துண்டுகள் ஒட்டியிருந்தால் நிக்கலைச் சந்தேகிக்கலாம். விளிம்பிலிருந்தோ துளையிலிருந்தோ கிளம்பியிருந்தால் கண்ணாடியை வண்டியிலிருந்து இறக்கும்போது பட்ட அடி, விட்டுப்போன புஷ், அளவுக்கு மீறி முடுக்கிய நட்டு, இந்த வரிசையில் தேடுங்கள்.