கடைசித் தொட்டிகளுக்குத் தண்ணீர் வரவில்லையா?

வணக்கம். மாடித் தோட்டத்துச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு இரண்டு செங்கல் மேல் 200 லிட்டர் ட்ரம், 24 செடித் தொட்டிகள், முதல் எட்டு தொட்டி நனைந்து வழிகிறது, கடைசி ஆறு காய்கிறது என்று எழுதியிருந்தீர்கள். குழாயில் குறையில்லை, உயரம்தான் போதவில்லை. ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிடைப்பதே 0.1 பார் அழுத்தம். ட்ரம் காலியாகிவரும்போது உங்களுக்கு அதில் கால் பங்குகூட இராது. நீங்கள் வாங்கிய, அழுத்தத்தைச் சமன் செய்யும் டிரிப்பர்கள் (சொட்டுவான்கள்) ஏறக்குறைய அரை பாருக்கு மேல்தான் ஒழுங்காக வேலை செய்யும். அவற்றைக் கழற்றிவிடுங்கள்.

ட்ரம்மைக் குறைந்தது மூன்று அடி உயர்த்துங்கள். நிறைந்தால் 200 கிலோ. தளத்தின் நடுவில் வேண்டாம், கீழே சுவரோ பீமோ உள்ள இடமாகப் பாருங்கள். 16 எம்எம் கறுப்புக் குழாயை மேடு பள்ளமின்றிப் போடுங்கள். ஓரிடத்தில் தூக்கிக்கொண்டாலும் அங்கே காற்று அடைத்துக்கொள்ளும். அதிலிருந்து தொட்டிக்கு ஒரு மைக்ரோ டியூப் (மெல்லிய குழாய்): ட்ரம்முக்கு அருகே 90 செ.மீ., கடைசியில் 30 செ.மீ. டியூப் நீளமானால் சொட்டு குறையும், சமன் செய்ய இதைவிட மலிவான வழி கிடையாது. டியூப் முனைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கட்டும்.

பிறகு ஒவ்வொரு முனையிலும் ஒரு டம்ளர் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அதிகம் நிறைவதற்கு டியூபை நீளமாக்குங்கள், குறைவதற்கு வெட்டுங்கள்.

ட்ரம் வெளிவாயை அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே வையுங்கள், வண்டல் வராது. ஃபில்டர் கட்டாயம். போர் தண்ணீர் என்றால் உப்புப் படியும். வாரம் ஒருமுறை கறுப்புக் குழாயின் கடைசி மூடியைத் திறந்து அலசிவிடுங்கள்.