பாதிக் கதை போதுமுங்க: கேள்வி பதில்

பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, காடு கரைக்குக் கூட்டிப்போய் அறிவியல் பழக்குவது பற்றி வந்த கேள்விகளில் சில.

காங்கயத்திலிருந்து ஓர் அம்மா: தூக்கணாங்குருவி களிமண்ணில் மின்மினிப் பூச்சியை ஒட்டிக் கூட்டுக்கு விளக்கு வைக்கும் என்று எங்க அம்மிச்சி சொல்வார். அதையே பையனிடம் சொன்னேன். தப்பா?

தப்பே இல்லைங்க. ஆனால் பாதியில் நிறுத்துங்கள். "அப்படியா, பார்த்துடலாமா?" என்று கேட்டுவிட்டு, காற்றில் விழுந்த பழைய கூடு ஒன்றைத் தேடி எடுங்கள். மரத்தில் தொங்குவதைத் தொட வேண்டாம். செய்தித்தாளை விரித்து மெதுவாகப் பிரித்தால், பல கூடுகளின் உள்சுவரில் காய்ந்த மண்கட்டி இருக்கும். பூச்சி உண்டா என்று அவனே தேடட்டும். கிடைக்காவிட்டால், "அப்புறம் மண்ணு எதுக்கு?" என்று தானாகக் கேட்பான். காற்றில் ஆடாமல் இருக்கக் கனம் சேர்க்கிறதோ? ஒரே அளவில் இரண்டு காகிதப் பை செய்து, ஒன்றில் மட்டும் மண் உருண்டை வைத்து, ஃபேன் முன்னால் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு முழுக்க இதிலேயே போனது. அம்மிச்சியையும் குறைத்துப் பேசாதீர்கள், மண்ணை முதலில் கவனித்தது அவர் தலைமுறைதானே.

பொள்ளாச்சி ஆசிரியர்: நாற்பது பிள்ளைகள், ஒரு மணி நேரம். என்ன செய்ய?

அதே குருவிதான். ஒரு பனைமரத்தில் எந்தப் பக்கம் எத்தனை கூடு என்று எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் கூடுதலாக இருக்கும். காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று முகத்தில் அடிக்கும்போது யாராவது ஒருத்தி கண்டுபிடிப்பாள். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றோரப் பனை மட்டும் வேண்டாம்.

கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் பாம்பு இருக்குமே?

இருக்கும். செருப்பு, கையில் குச்சி, கிளுவை வேலிக்குள் கை விடக்கூடாது. போதும்.

தாராபுரம்: நாலு வயசுக்கு இதெல்லாம் புரியுமா?

குழியானை புரியும், புழுதியில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் சின்னப் பூச்சிதான். மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தின் புழுதியில் புனல் மாதிரிக் குழிகள் இருக்குமே, அங்கே உட்கார வையுங்கள். "ஒரு எறும்பு சந்தைக்குப் போச்சாம், வழியில ஒரு குழியாம்..." அவ்வளவுதான் கதை. புல் நுனியால் குழியின் ஓரத்தைச் சீண்டினால், அடியிலிருந்து மண் எகிறும். என் பேத்தி, "ஆனைன்னா தும்பிக்கை எங்கே?" என்று கேட்டாள். ஒன்றை உள்ளங்கையில் விட்டோம், பின்பக்கமாகவே நடந்தது! அடுத்த நாள் இரண்டு தட்டில் மண், ஒன்றில் மட்டும் ஈரம். எதில் குழி வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

இதுக்கு மார்க் வருமா?

வராதுங்க.

திருப்பூர், மூன்றாவது மாடி: எங்களுக்கு மரமும் இல்லை, மண்ணும் இல்லை.

மொட்டைமாடி இருக்கிறதல்லவா? "நிழலைத் தொலைத்த பையன்" என்று நீங்களே ஒரு கதை கட்டுங்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நேரான பாட்டிலை நிறுத்தி, நடுப்பகலில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலைச் சாக்பீஸால் குறியுங்கள். நிழல் கிட்டத்தட்ட காணாமல் போவது 12 மணிக்கு அல்ல, 12.20 வாக்கில். நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். திருப்பூர் அதற்கு ஐந்து டிகிரி மேற்கே இருக்கிறது, டிகிரிக்கு நான்கு நிமிடம். இந்தக் கணக்கைப் பெரிய பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். ஏப்ரலில் மேகம் மறைத்தால் ஆகஸ்ட் நான்காம் வாரத்தில் இன்னொரு முறை வரும்.