தடைக்காலத்துக் கேள்விகள்: கையில் எடுத்தால் கீழே வைக்க விடாத புத்தகங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாள் எங்கள் கரையில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். வலை பொத்துவதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதுமாகப் போகும் இந்த நாட்களில்தான் ஆட்கள் புத்தகமும் கேட்பார்கள். இந்தக் கடற்கரையில் 27 வருடம் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எல்லாரும் விரும்பிப் படிக்கும் புத்தகங்களைப் பற்றி என்னிடம் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தங்கச்சி: பொன்னியின் செல்வன் ஐந்து பாகம் என்றதுமே மலைப்பாக இருக்கிறது அக்கா. இத்தனை வருடம் கழித்தும் அதை எதனால் படிக்கிறார்கள்?

பயப்படாதே, அந்த மலைப்பு முதல் அத்தியாயத்தோடு போய்விடும். கல்கி 1950இல் தன் பத்திரிகையில் தொடராக எழுதத் தொடங்கிய கதை இது. சோழர் குடும்பத்துச் சண்டையை விளக்கிவிட்டு அவர் ஆரம்பிக்கவில்லை. ஆடிப்பெருக்கு அன்று வீர நாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அந்தச் சீமைக்குப் புதியவன். அவனுக்கும் ஒன்றும் தெரியாது, நமக்கும் தெரியாது. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஓலை மட்டும் அவனிடம் இருக்கிறது. அன்றிரவே கடம்பூர் மாளிகையில், கேட்கக்கூடாத பேச்சு அவன் காதில் விழுந்துவிடுகிறது. அப்புறம் அவனைத் தனியாக விட்டுவிட்டு நாம் எங்கே போவது?

எங்கள் நூலகத்தில் இரண்டாம் பாகம் ‘சுழற்காற்று’ ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. திரும்ப வர வேண்டிய தேதிக்கு முன்பே வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். தனுஷ்கோடியில் பிறந்து, 1964 டிசம்பர் புயலில் வீடு வாசலை இழந்து இந்தப் பக்கம் வந்த ஒரு பெரியம்மா அதை வாங்கிப்போனார். நடுக்கடலில் கப்பல் காற்றில் சிக்கும் பக்கங்களை மட்டும் மறுபடி மறுபடி படித்தாராம். புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது, “காத்து அடிக்கிறதுக்கு முன்னால ஒரு அமைதி வரும் பாரு, அதை இவர் விடலை” என்றார். எனக்கு அது பெரிய விமர்சனமாகப் பட்டது. நமக்குத் தெரிந்த சின்ன விஷயத்தை ஒருவர் சரியாக எழுதியிருந்தால், தெரியாத சோழ தேசத்தையும் அவர் சொல்லி நம்பிவிடுகிறோம்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி: அப்பா விசைப்படகு டிரைவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கடல் கதை ஒன்று வாசித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன். கடல் தெரிந்தவருக்குக் கதை பிடிக்குமா?

சரியாக எழுதியிருந்தால் பிடிக்கும் தம்பி. தப்பாக எழுதியிருந்தால் பத்தே நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். நான் சொல்வது ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’. 1952இல் வந்தது, தமிழில் கிடைக்கிறது. கியூபா நாட்டில் ஒரு கிழவர். 84 நாளாக மீன் பாடு இல்லை, ஒன்றும் சிக்கவில்லை. 85ஆம் நாள் தனியாகக் கடலுக்குப் போகிறார். கதை அவ்வளவுதான்.

ஒரு தடைக்காலத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்களுக்கு இதை நான் வாசித்துக் காட்டினேன். முதலில் யாரும் காது கொடுக்கவில்லை. கிழவர் இரை போட்ட தூண்டில்களை இறக்கும் இடம் வந்தது. ஒன்று 40 பாகம் ஆழம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்), அடுத்தது 75, மற்ற இரண்டும் 100, 125 பாகம். பாகக் கணக்கைக் கேட்டதும் வலை ஊசி வைத்திருந்த ஒரு தாத்தாவின் கை நின்றுவிட்டது. “நீவாட்டுல கயிறு சாயுமே, அதைச் சொல்றானா?” என்றார். நீவாடு என்றால் நீரோட்டம். அடுத்த சில வரிகளிலேயே அதற்குப் பதில் இருக்கிறது: மற்றவர்கள் கயிற்றை நீரோட்டத்தோடு விட்டுவிடுவார்கள், இந்தக் கிழவர் யாரையும் விட நேராக வைத்திருப்பார். “அப்ப இவன் தொழில்காரன்தான். மேல படிம்மா” என்றார் தாத்தா. சுறாக்கள் வரும் பக்கங்களை வாசித்தபோது ஒருவர்கூட ஊசியைத் தொடவில்லை. முடிவை மட்டும் அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதே.

அது முடிந்ததும் ஜோ டி குருஸ் எழுதிய ‘ஆழி சூழ் உலகு’ எடுங்கள். 2004இல் வந்த நாவல். தெற்குக் கரைப் பரதவர்களின் பேச்சு அதில் அப்படியே இருக்கும். பல சொற்களுக்கு அப்பாதான் உனக்கு அர்த்தம் சொல்வார். அதற்காகவே சேர்ந்து படிக்கலாம்.

கீழக்கரையிலிருந்து ஒரு தங்கச்சி: ரமணிசந்திரன் நாவல் என்றால் உயிர். “முடிவுதான் தெரியுமே, அதில் என்ன படிக்கிறே?” என்று மாமி கேட்கிறார்கள். என்ன சொல்வது?

முடிவு தெரியும் என்பதுதான் அந்த வகைக் கதையின் பலம் என்று சொல்லும்மா. இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்ற வாக்கு முதல் பக்கத்திலேயே நமக்குக் கிடைத்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில்தான் நடுவில் வரும் கோபம், வீம்பு, சந்தேகம் எல்லாவற்றையும் பதறாமல் அனுபவிக்கிறோம். நாள் முழுக்க வீட்டு வேலை பார்த்துவிட்டு, நல்லபடியாக முடியும் என்று தெரிந்த ஒன்றைப் படிக்க உட்காரும் பெண்ணை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை.

மாமிக்கும் ஒரு புத்தகம் கொடு: தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. குமரிக்கரை முஸ்லிம் ஊர் ஒன்றில் பெரிய முதலாளி வைத்ததுதான் சட்டம். அங்கே பள்ளிக்கூடம் வருகிறது, அதற்கு எதிர்ப்பும் வருகிறது. இரண்டு பக்கம் படித்தால் போதும், இன்னார் வீட்டுக் கதை மாதிரி இருக்கிறதே என்று மாமியே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பாம்பனிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: துப்பறியும் கதையில் கொலையாளியைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுகிறேன். ஏமாறாமல் படிக்க ஒரு கதை சொல்லுங்கள்.

அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ என்ற தீவுக் கதையைப் படியுங்கள், பத்துப் பேர் ஒவ்வொருவராகச் சாகும் கதை. தீவில் பிறந்த உங்களுக்கு அது இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். கதவை வெளியே பூட்டி அவர்களை அடைக்கவில்லை அந்த அம்மா. தினமும் வர வேண்டிய படகு வரவில்லை, அவ்வளவுதான். 1964 புயலில் பாலம் உடைந்து கிடந்த நாட்களில் இங்கே இருந்தவர்களைக் கேட்டால் அந்தப் பயம் என்னவென்று சொல்வார்கள்.

நல்ல துப்பறியும் கதை எதையும் ஒளிப்பதில்லை. தடயத்தை நம் கண் முன்னால் வைத்துவிட்டு, அந்த நேரம் நம்மை வேறு பக்கம் பார்க்க வைக்கும். முடித்தபின் திரும்பப் புரட்டினால் எல்லாம் அங்கேயே கிடக்கும். ஒரு துப்பறியும் நாவலின் முதல் பக்கத்தில் யாரோ பேனாவால் கொலையாளியின் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். அதன்மேல் பழுப்புத் தாள் ஒட்டிய அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அடுத்தவருடைய அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தைத் திருடக்கூடாது.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு தாய்: மகன் எட்டாம் வகுப்பு. எந்நேரமும் போன்தான். வாழ்க்கை வரலாறு கொடுத்தால் அறிவுரை என்று ஓடுகிறான்.

‘அக்னிச் சிறகுகள்’ கொடுங்கள், ஆனால் முழுப் புத்தகமாக நீட்டாதீர்கள். அப்துல் கலாம் சிறுவனாக இருந்த உலகப்போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதில்லை. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஓடும் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வெளியே வீசுவார்கள். அதைச் சேகரிக்க உதவியதுதான் அவருடைய முதல் சம்பாத்தியம். அந்தப் பெருமை அரை நூற்றாண்டு கழித்தும் தனக்குள் இருப்பதாக எழுதுகிறார். இந்த இடத்தை மட்டும் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். பிறகு ஒருநாள் உங்கள் ஊர் ஸ்வார்ட்ஸ் பள்ளி வழியாக அவனைக் கூட்டிப் போய், “அவர் படித்தது இங்கேதான்” என்று காட்டுங்கள். மிச்சத்தை அவனே கேட்பான்.

வாலிநோக்கத்திலிருந்து ஒரு அக்கா: உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா?

ராஜம் கிருஷ்ணன் எழுதியிருக்கிறார் அக்கா. ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை. கண் கூசும் வெயிலும் உப்பு அரித்த காலும் உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அதை ஒருவர் பொருட்படுத்தி நாவலாக எழுதியிருக்கிறார் என்பதற்காகவே நீங்கள் படிக்க வேண்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு தம்பி: விஞ்ஞானக் கதையில் எதிலிருந்து தொடங்கலாம்?

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 2021இல் நடப்பதாக எழுதிய கதை. அந்த வருடமும் கடந்துவிட்டது, ஆனால் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டிக்கு வயதாகவில்லை.

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி: எந்தப் புத்தகம் எடுத்தாலும் 40 பக்கத்தில் நின்றுவிடுகிறேன். என்னிடம்தான் கோளாறா?

இல்லை தம்பி. பிடிக்காததை மூடி வை, அதற்கு நூலகத்தில் அபராதம் கிடையாது. சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ எடுத்துப் பார். மிகச் சின்னப் புத்தகம். ஒரே ஒரு ஜல்லிக்கட்டு, தன் அப்பாவைக் கொன்ற காளையை அணைந்து அடக்க வந்து நிற்கும் பிச்சி. காலையில் எடுத்தால் மதியச் சோற்றுக்கு முன் முடிந்துவிடும். அந்தக் காரிக்காளை வாடிவாசலுக்குள் வரும் இடத்தைப் படிக்கும்போது யாராவது கூப்பிட்டால் உன்னால் பதில் சொல்ல முடிகிறதா என்று எனக்கு எழுது. அதை வைத்து அடுத்தது எது என்று சொல்கிறேன்.