சாண்ட்ரா ஓ: 'கிரேஸ் அனாட்டமி'க்கு முன்னும் பின்னும் என்ன செய்தார்?

நடிகை சாண்ட்ரா ஓ 1971-ல் கனடாவின் ஒட்டாவா அருகே நேப்பியனில், கொரியாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். மாண்ட்ரியலில் தேசிய நாடகப் பள்ளியில் படித்தார். 'டபுள் ஹேப்பினஸ்' படத்துக்கு, கனடாவின் திரைப்பட விருதான ஜெனி விருதை வாங்கினார். அப்புறம் ஹாலிவுட்டில் பெரும்பாலும் துணை வேடங்கள்தான். 2005 முதல் 2014 வரை, 'கிரேஸ் அனாட்டமி' என்ற அமெரிக்க மருத்துவமனைத் தொடரில் நீங்கள் பார்த்த அந்த டாக்டர் கிறிஸ்டினா யாங்.

'கில்லிங் ஈவ்' என்ற தொலைக்காட்சித் தொடரின் கதையை ஏஜென்ட் அனுப்பியபோது, ஃபோனில் படித்துக்கொண்டே "இதில் என் வேடம் எது?" என்று கேட்டிருக்கிறார். கதாநாயகி ஈவ்தான் தனக்கு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும் இப்படி நினைக்க வைத்ததே, அதுதான் வேதனை. 2018-ல் அந்த வேடத்துக்காக, நாடகத் தொடரின் முன்னணி நடிகைக்கான எம்மி (அமெரிக்கத் தொலைக்காட்சி விருது) பரிந்துரை பெற்ற முதல் ஆசிய வம்சாவளிப் பெண் ஆனார். 2019-ல் கோல்டன் குளோப் விருது விழாவைத் தொகுத்து வழங்கி, அதே மேடையில் விருதும் வாங்கினார்.